தொட்டால் சொல்லுங்கள்

ஐந்து ஊசியும் இறங்கிவிட்டன. வலது மணிக்கட்டின் உள்பக்கம் ஒன்று, அதற்கு மேலே மூன்று விரல் தள்ளி ஒன்று, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதைப்பிடிப்பில் ஒன்று, முழங்கை மடிப்பில் ஒன்று, முழங்காலுக்குக் கீழே ஒன்று. ஊசித் தலைகளில் சின்னச் சின்னக் கிளிப்புகளை மாட்டி, பெட்டியின் குமிழைத் திருகி, பச்சை விளக்கு கண்சிமிட்டத் தொடங்கியதும் டாக்டர் எப்போதும் சொல்வதை ஓர் எழுத்துக் குறையாமல் சொன்னார். "இலேசா ஏதாவது தெரியலாம். தெரியாமலும் போகலாம். இருபத்தஞ்சு நிமிஷம் கையை அசைக்காம படுத்திருங்க." சொல்லிவிட்டுத் திரைத்துணியை இழுத்துவிட்டுப் போய்விட்டார். ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு தடவை, இன்றைக்குப் பன்னிரண்டாவது. பன்னிரண்டு தடவையும் அந்த மனுஷன் வாயிலிருந்து வந்தது இந்த மூன்று வரிதான். முதலில் பவளக்கொடிக்குப் பயமாக இருந்தது, தன்மேல் ஏதோ கோபம் போல என்று. காலை நீட்டும்போது பாதம் அழுக்காக இருந்ததோ, ரவிக்கையில் பால் வாடை அடித்ததோ. அப்புறம் வாரா வாரம் விரலைத் தொட்டுச் சோதிக்கிற ஜெசிந்தா மேடம்தான் சொன்னாள். "அவர் பேசக் கூடாது பவளம். இது ஆராய்ச்சி பாத்துக்கோங்க. பாதிப் பேருக்குச் சக்தி ஓடுற பாதையில சரியான புள்ளியில ஊசி போடுவோம். பாதிப் பேருக்குக் கொஞ்சம் தள்ளி, சும்மா ஒரு இடத்துல. உங்களுக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சீட்டுப் போட்டு உறைக்குள்ள வச்சிருக்கு. அவருக்கு மட்டும்தான் தெரியும். பேசினா முகத்துல தெரிஞ்சிரும்லா." அதாவது தெரிந்தவர் பேச மாட்டார், பேசுகிறவளுக்குத் தெரியாது. எட்டாவதோடு நின்றவளுக்கு அது என்ன ஏற்பாடு என்று பிடிபட இரண்டு வாரம் ஆயிற்று. பிடிபட்ட பிறகு தூக்கம் போயிற்று. சும்மா ஓர் இடத்தில் என்றால், சும்மாவே என்றால், அப்போது இந்தக் குத்து எதற்கு, பஸ் ஏறி வருவது எதற்கு, தாளில் கையெழுத்து வாங்கியது எதற்கு. எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று அந்தத் தாளில் ஒரு வரி இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தாள். விலகிக்கொள்கிறேன் என்று யாரிடம் போய், எந்த வாயால் சொல்வது?

எதிர்ச்சுவரில் அந்தப் படம். மொட்டைத் தலை ஆள், உடம்பில் துணி இல்லை, மேலெல்லாம் கோடு கோடாகச் சிவப்பு, நீலம், பச்சை, பஸ் ஸ்டாண்டில் எந்த வண்டி எந்த வழி என்று போட்டிருப்பது போல. முதல் நாள் வெட்கப்பட்டுக்கொண்டு பார்க்கவேயில்லை. இப்போது அவனைத் தெரியும், சொந்தக்காரன் மாதிரி. அவன் மார்க்காம்புக்குப் பக்கத்திலிருந்து ஒரு கோடு புறப்பட்டு, கையின் உள்பக்கமாக இறங்கி, மணிக்கட்டின் நடுவே நுழைந்து நடுவிரல் நுனியில் முடிகிறது. அதுதான் அவளுடைய கோடு. நடுவிரலில்தான் மதமதப்பு முதலில் வந்தது, வயிற்றில் பையன் எட்டு மாதமாக இருக்கும்போது. பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும் என்றார்கள். பிறந்தான், ஏழு மாதம் ஆகப் போகிறது, நடுவிரலிலிருந்து பக்கத்து விரல்களுக்கும் பரவி, இப்போது கட்டைவிரல்கூட யாருடையதோ போல ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாரில் ஆரம்பித்து விரலில் முடிகிற கோடு என்றால், பாலும் உணர்ச்சியும் ஒரே வழியிலா போகின்றன, பால் ஊறுகிற ஊறலில் விரலுக்குப் போக வேண்டியது போகாமல் நின்றுவிட்டதா, பையனுக்குப் பாலை நிறுத்தினால் கை வருமா? சீ, என்ன நினைப்பு. யாரிடமாவது கேட்கலாம் என்றால் பேசாத டாக்டரிடமா கேட்பது. அவள் கண்ணைச் சாய்த்துத் தன் மணிக்கட்டு ஊசியைப் பார்த்தாள், பிறகு மொட்டை ஆளின் மணிக்கட்டுப் புள்ளியைப் பார்த்தாள். சரியாக அங்கேதான் இருக்கிறது. இல்லை, ஒரு நெல் அகலம் வெளியே இருக்கிறது. ஊசி போடுமுன் டாக்டர் அவளுடைய கட்டைவிரலை மடக்கி, அதன் அகலத்தால்தான் அவள் கையை அளந்தார். அவரவர் உடம்புக்கு அவரவர் கட்டைவிரல்தான் அளவுகோலாம். மொட்டை ஆளின் கட்டைவிரல் வேறு, அவள் கட்டைவிரல் வேறு, அப்புறம் எப்படிப் பொருத்திப் பார்ப்பது? பச்சை விளக்கு சிமிட்டுகிறது. கரண்டு ஓடுகிறதா, விளக்கு மட்டும் எரிகிறதா? முழங்கையில் ஏதோ எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. இருக்கிறதா, இருக்க வேண்டும் என்று நினைப்பதால் இருக்கிறதா?

திரைக்கு அப்பால், கதவுக்கு அப்பால், வராந்தா பெஞ்சில் மாமியார் பாப்பாத்தி யாரிடமோ கதையடித்துக்கொண்டிருப்பது கேட்டது. "சீனாக்காரன் வைத்தியமாமுங்க. நாமெல்லாம் முள்ளுக் குத்துனாப் புடுங்கறம். இவிங்க முள்ளக் குத்தி வலியப் புடுங்கறாங்களாமா." இன்னொரு பெண் குரல் சிரித்தது. "கரண்டு வேற உடறாங்கன்னு சொல்றாங்களே." "உடட்டுமுங்க. எங்கூட்ல எந்நேரமும் கரண்டு போயிருது, இங்கியாவது ஓடட்டும். ஆனா மருமகளுக்கு நல்லாத்தான் கேக்குதுங்க. அந்தப் புள்ள சொல்லுச்சு, மேடம், வெரலத் தொட்டுப் பாத்ததுல இருவதுக்குப் பதினெட்டாமா. வந்தப்ப ஏழுதான் இருந்துச்சாமா." பதினெட்டு என்று பவளத்தின் காதில் விழுந்தது. மாமியாருக்கு இது தெரிந்துவிட்டது, இனி ஊரைத் தாண்டிப் பொங்கலூர் வரைக்கும் தெரிந்துவிடும். அந்த நேரம் பார்த்துப் பையன் அழ ஆரம்பித்தான். முதலில் சிணுங்கல், பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நிறுத்தம், பிறகு வீறிடல். பசி அழுகை. அவளுக்கு அதில் எல்லாம் அத்துபடி, ஈரத்துக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று, பசிக்கு இது. இரண்டு மாரிலும் சுரீரென்று பால் இறங்கி ரவிக்கை நனைந்தது. இந்தப் பாதை மட்டும் எந்தப் படமும் பார்க்காமல், எந்த ஊசியும் குத்தாமல், கதவுக்கு அந்தப்பக்கத்திலிருந்து வந்து சேர்ந்துவிடுகிறது. எழுந்து ஓட வேண்டும் போல உடம்பு உதறியது. அசையக் கூடாது. ஐந்து கம்பி கட்டிப்போட்டிருக்கிறது. "ஓ ஓ சாமி, என்ர தங்கமல்ல, அம்மா வந்துருவா, கையி நல்லாப் பண்ணீட்டு வந்து உன்னியத் தூக்குவா" என்று மாமியார் பாடுகிறாள். தூக்குவா. அந்த ஒரு வார்த்தை வந்து மணிக்கட்டில் ஆறாவது ஊசியாக இறங்கிற்று.

தூக்கினாளே, மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தூக்கினாளே. குளிப்பாட்டித் துவட்டி, சாம்பிராணி காட்டி, நெற்றியில் பொட்டு வைத்து, வலது கையைப் பிடரிக்கடியில் கொடுத்து, இடது கையைத் தொடைக்கடியில் கொடுத்து, எப்போதும்போலத்தான். பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று கை சொன்னது. கண் துண்டைத் தேடிக்கொண்டு கொடிப்பக்கம் போயிருந்தது. கை பொய் சொன்னது. பிடரி வழுக்கிப் போவது கைக்குத் தெரியவில்லை, தட் என்ற சத்தம்தான் தெரிந்தது. இடுப்பு உயரம். கீழே ஒரு பாய், பாய்க்குமேல் ஒரு போர்வை, தலை மட்டும் போர்வையைத் தாண்டி. அந்தச் சத்தத்துக்கும் அவன் அழுததற்கும் நடுவில் ஓர் இடைவெளி இருந்தது. இருபத்திரண்டு வயதில் அவள் கண்டதெல்லாம் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும், அவ்வளவு நீளம். அழுதான். அழுதானே என்று காலில் விழுந்து கும்பிடலாம் போல இருந்தது. மாமியார் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "என்ன அம்மிணி, என்னாச்சு?" "கட்டல்ல போட்டிருந்தனுங்கத்தே, உருண்டுட்டான்." எங்கேயிருந்து வந்தது அந்தப் பொய், யோசிக்கக்கூட இல்லை, தயாராக உள்ளே உட்கார்ந்திருந்த மாதிரி வந்தது. தலையில் எலுமிச்சங்காய் அளவுக்குப் புடைத்தது, இரண்டு நாளில் வடிந்தது. குழந்தை டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். ஆனால் மாமியார் என்ன செய்தாள், அதைப் பெருமையாக்கிக்கொண்டாள். "ஏழு மாசம் முடியல, அதுக்குள்ள கட்டலத் தாண்டிட்டான் என்ர பேரன், அவங்கய்யன் ஒம்பது மாசத்துலதான் பொரண்டான்" என்று தண்ணீர் பிடிக்கிற இடத்தில், ரேஷன் கடையில், போனில் நாத்தனாரிடம். புருஷன் லோகநாதன் நிட்டிங் கம்பெனியில் இருந்து வந்ததும் பையனைக் கட்டிலில் போட்டு "எங்கடா, இன்னொருக்கா உருளு பாக்கலாம்" என்றான். பையன் மல்லாந்து கிடந்து காலை வாயில் வைத்துக்கொண்டு அப்பனைப் பார்த்துச் சிரித்தான். பவளம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் அவனைத் தூக்கும்போதெல்லாம் தன் வலது கையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே தூக்குகிறாள். கை பிடிப்பதில்லை, கண்தான் பிடிக்கிறது. கண்ணை எத்தனை நேரம் வைத்திருக்க முடியும், ஈ வரும், பால் பொங்கும், யாராவது கூப்பிடுவார்கள்.

கண்தான் எல்லாவற்றுக்கும் காரணம். முதல் தடவை ஜெசிந்தா மேடம் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, குச்சி நுனியில் இருக்கும் நைலான் இழையால் விரல் விரலாகத் தொட்டபோது பவளம் ஒழுங்காகத்தான் மூடியிருந்தாள். தொட்டால் சொல்லுங்கள் என்றாள். இருபது தொடுதலில் ஏழு சொன்னாள். "வேற எதுவுமே தெரியலையா?" என்று கேட்ட கேள்வியில் ஒன்றும் இல்லை, இரக்கம்தான் இருந்தது. ஆனால் பவளத்துக்குக் காது மடல் சுட்டது. எட்டாம் வகுப்பில் அறிவியல் டீச்சர் அவள் தாளை உயர்த்திப் பிடித்து "வேற எதுவுமே தெரியாதா உனக்கு?" என்று கேட்டபோது சுட்ட அதே இடம். அதற்கப்புறம் அவள் பக்கத்துப் பெண் தாளைப் பார்த்து எழுதினாள், மாட்டவேயில்லை, தேறினாள், தேறிப் பனியன் கம்பெனிக்குப் பிசிறு வெட்டப் போனாள். அடுத்த வாரம் மேடம் இழையை எடுத்தபோது இமை தானாக ஒரு நூல் திறந்துகொண்டது. ரோமங்களுக்கு நடுவே தெரிந்தது, இழை நடுவிரலில் பட்டு வில் போல வளைவது. தெரிந்ததைச் சொன்னாள். "இப்ப." மேடத்தின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆயிற்று. "சூப்பர் பவளம்! போன வாரம் இந்த விரல்ல ஒண்ணுமே தெரியலையே!" யாரும் பவளக்கொடியைப் பார்த்து அப்படி ஒரு முகத்தோடு எதையும் சொன்னதில்லை. அந்த வாரம் பன்னிரண்டு, பையன் விழுந்த வாரம் பதினைந்து, பிறகு பதினாறு, போன வாரம் பதினெட்டு. இருபதுக்கு இருபது சொன்னால் சந்தேகம் வரும் என்று இரண்டை வேண்டுமென்றே விட்டாள், அந்த அளவுக்குச் சாமர்த்தியம். பரீட்சையில் பார்த்து எழுதினால் கேள்வி டீச்சருடையது, பதில் பக்கத்துப் பெண்ணுடையது, தனக்கு ஒன்றும் போகவில்லை. இங்கே கேள்வி அவள் கை, பதிலும் அவள் கை. சொந்தக் கையைப் பார்த்துக் காப்பியடித்தவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

இன்றைக்குக் கடைசி. இன்னும் பத்து நிமிஷம் இருக்குமா, எட்டா, மணி தலைக்குப் பின்னால் இருக்கிறது, திரும்பக் கூடாது. பையன் அழுகை வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி வருகிறது, மாமியார் நடக்கிறாள். பதினெட்டு என்று சொல்லிவிட்டால் முடிந்தது, மேடம் கை குலுக்குவாள், தாளை மூடுவாள், வீட்டுக்குப் போகலாம். வீட்டுக்குப் போய்? வீட்டில் சோறு வடிக்க வேண்டும், கொதிக்கிற கஞ்சியோடு குண்டாவைச் சாய்க்க வேண்டும், கை நல்லாயிருச்சுல்ல என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருப்பார்கள், பையன் நடக்கக் கற்றுக்கொள்ளும்வரை ஒரு நாளைக்கு முப்பது தடவை தூக்க வேண்டும், முப்பதில் ஒன்று. ஒன்று போதும். உண்மையைச் சொல்லிவிட்டால்? மேடம் முகம் அணையும். போன மாதம் அந்த மேடம் சந்தோஷத்தில் சொன்னாளே, "உங்களை மாதிரி பத்துப் பேருக்கு இப்படி வந்தா, நான் புத்தகத்துல எழுதுவேன் பவளம். எந்த ஊர்லயோ ஒரு பிள்ளைத்தாச்சிக்குக் கை மரத்துப்போனா, டாக்டருங்க அதைப் படிச்சுட்டு இதே புள்ளியில ஊசி போடுவாங்க." அன்றைக்கு அதைக் கேட்டு வெட்கத்தில் சிரித்தாள். அப்புறம் ராத்திரியும் பகலும் அந்த எந்த ஊரோ பிள்ளைத்தாச்சி அவளை விடவில்லை. சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, இதே மாதிரிப் படுத்துக்கொண்டு, எங்கேயோ ஒருத்தி சரியாகிவிட்டதாமே என்று நம்பிக்கொண்டு, எழுந்து போய்த் தன் பிள்ளையைத் தூக்குகிறாள். அவளுக்கு முகம் இல்லை, கை மட்டும் இருக்கிறது. அவள் கண்ணும் ஒருநாள் கொடிப்பக்கம் போகும். இல்லை, அதெல்லாம் பெரிய டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள், நான் ஒருத்தி சொல்வதாலா ஆகிவிடப் போகிறது. நான் ஒருத்தி இல்லையே, பத்துப் பேரில் ஒருத்தி. மற்ற ஒன்பது பேரும் இமையை ஒரு நூல் திறந்து வைத்திருந்தால்? அந்த நினைப்பில் அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்ததில் வயிறு குலுங்கி ஊசி அசைந்தது, பயந்து மூச்சை அடக்கினாள். சொன்னால் மேடம் மட்டுமா, கை ஏன் சரியாகவில்லை என்று மாமியார் கேட்பாள், பிறகு கட்டில் வரும், உருண்டது வரும், தண்ணீர் பிடிக்கிற இடம் வரும். பெற்ற பிள்ளையைக் கீழே போட்டவள். போட்டதைவிட, போட்டுவிட்டு மறைத்தவள். மொட்டை ஆள் சுவரிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறான், இமையே இல்லாத கண், மூடவும் தெரியாது, திறக்கவும் தெரியாது, கொடுத்துவைத்தவன்.

பெட்டி கீய் என்று கத்தி நின்றது. டாக்டர் வந்தார், கிளிப்புகளைக் கழற்றினார், ஊசிகளை ஒவ்வொன்றாக உருவிப் பஞ்சால் அழுத்தினார். மணிக்கட்டு ஊசியை எடுக்கும்போது ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தார். சரியான புள்ளியா, சும்மா புள்ளியா, ஏதாவது தெரியுமா என்று அவளும் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. போய்விட்டார். அடுத்த அறையில் ஜெசிந்தா மேடம் தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "வாங்க வாங்க, இன்னைக்கு நம்ம பரீட்சை முடியுது. அப்புறம் என்னை மறந்துருவீங்க." பவளம் மேசையில் வலது கையை மலர்த்தி வைத்தாள். மேடம் குச்சியை எடுத்தாள். "கண்ணை மூடிக்கோங்க. தொட்டா சொல்லுங்க."

"மேடம்."

"சொல்லுங்க."

"கண்ணக் கட்டி உடுங்க மேடம்."

ஜெசிந்தா சிரித்தாள். "எதுக்கு? கண்ணாமூச்சியா ஆடப் போறோம்? சும்மா மூடினாப் போதும்."

"கட்டி உடுங்களேன்." குரல் அவளுக்கே கேட்கவில்லை, அதனால் இன்னொரு தடவை சொன்னாள். மேடம் குச்சியை மேசையில் வைத்தாள். பிறகு எழுந்து வந்து, தன் துப்பட்டாவையே நான்காக மடித்து, பவளத்தின் கண்ணை மூடிப் பின்னால் முடிச்சுப் போட்டாள். இருட்டு. பவுடர் வாசம். வராந்தாவில் அழுகை தொண்டை கட்டிப்போய்க் கரகரவென்று கேட்டது. பவளம் விரல் நுனிகளுக்குத் தன்னை மொத்தமாக அனுப்பினாள், மாரிலிருந்து புறப்பட்டு, கையின் உள்பக்கமாக, மணிக்கட்டு வரைக்கும் வந்தாள், அதற்கப்புறம் வழி இல்லை. காத்திருந்தாள். சுண்டுவிரலில் ஏதோ தெரிந்தது. "இப்ப" என்றாள். மறுபடி காத்திருந்தாள். மின்விசிறி சுற்றியது. பேனா ஒன்று தாளில் உரசியது, மறுபடி உரசியது, அப்புறம் உரசவில்லை.

"தொடுங்க மேடம்."

பவளம் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தாள்.

"மேடம், தொடுறீங்களா?"

"தொட்டுக்கிட்டுதான் இருக்கேன், பவளம்." மேடத்தின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "தடி இழைக்கு மாறிட்டேன். நடுவிரலை அழுத்திக்கிட்டிருக்கேன்."

"நான் இத்தன நாளும் பாத்துட்டுத்தானுங்க சொன்னேன்." சொல்லிவிட்டாள். துணிக்குள் கண் சூடாயிற்று. "தப்புத்தானுங்க. எழுதிக்கங்க."

மேடம் எதையும் எழுதுவது கேட்கவில்லை. நாற்காலி மட்டும் ஒரு தடவை கிறீச்சிட்டது. அதற்குள் கதவு படாரென்று திறந்தது. "போதும் அம்மிணி உங்க பரீட்ச, பையனுக்குத் தொண்டையே காஞ்சு போச்சு, மொதல்ல இவனப் புடி. இதென்ன கண்ணு கட்டு?" மாமியாரின் வளையல் சத்தம், பையனின் சூடு, அவன் கால் ஒன்று அவள் தோளை உதைத்தது. அவனை மாமியார் நீட்டிவிட்டாள். அவ்வளவு நாளும் நீட்டினால் வாங்குகிற இரண்டு கைகள். பவளம் இடது கையால் கண்கட்டை மேலே தள்ளினாள். வெளிச்சம் குத்திற்று. வலது கை மேசைமேல் மலர்ந்து கிடந்தது, அதன் நடுவிரல்மேல் மேடத்தின் இழை இன்னும் வளைந்து நின்றுகொண்டிருந்தது.

"கையில குடுக்காதீங்கத்தே. மடியில வைங்க."

"ஏன், என்னாச்சு?"

"அன்னிக்கி அவன் கட்டல்ல இருந்து உருளலீங்கத்தே. நாந்தான் உட்டுட்டேன். கைக்குத் தெரியல. இப்பவும் தெரியல."

பாப்பாத்தி மேசைமேல் கிடந்த மருமகளின் கையைப் பார்த்தாள். தண்ணீர் பிடிக்கிற இடத்தில், ரேஷன் கடையில், போனில் சொன்னதெல்லாம் அந்த முகத்தில் வரிசையாக வந்து போவது போலிருந்தது. பையன் இருவருக்கும் நடுவில் காலை உதறிக்கொண்டு பால் வாசத்தைப் பார்த்துத் தலையைத் திருப்பினான். மேடம் எழுந்து நாற்காலியைச் சுவரோரமாக இழுத்துப் போட்டாள். பவளம் அதில் போய் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து முழங்கால்களைச் சேர்த்துக்கொண்டாள். மாமியார் குனிந்து பேரனை அவள் மடியில் கிடத்தினாள். அவன் வாய் தேடிப் பிடித்துக்கொண்டு மடக்மடக்கென்று குடிக்கத் தொடங்கினான். பாப்பாத்தி அவன் பிடரிக்கடியில் கொடுத்த கையை எடுக்கவில்லை, குனிந்தபடியே நின்றாள்.